பெல்ஜியத்தின் புளிப்பு பீர்: ஒரே நாள் கிடைத்தால் எந்த ஆலைக்குப் போவது?

வேலை நிமித்தமாகவோ சுற்றுலாவாகவோ பிரஸ்ஸல்ஸ் போகிறவர்களில் பீர் மீது ஈடுபாடு உள்ளவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: பழைய முறையில் செய்யப்படும் புளிப்பு பீரை அது பிறந்த இடத்திலேயே சுவைத்துப் பார்க்க ஒரு நாள் இருக்கிறது, எங்கே போகலாம்? நான்கு வழிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிரஸ்ஸல்ஸ் நகரத்துக்குள்ளேயே ஆன்டர்லெக்ட் பகுதியில் உள்ள கான்டியோன் ஆலைக்குப் போவது முதல் வழி. நகரத்துக்குத் தென்மேற்கே ஹாலேயை அடுத்த லெம்பேக்கில் உள்ள போன் ஆலைக்குப் போவது இரண்டாவது. ரயிலேறி மேற்கு ஃபிளாண்டர்ஸ் சென்று அங்குள்ள செம்பழுப்பு பீர் மரபைப் பார்ப்பது மூன்றாவது. எந்த ஆலைக்கும் போகாமல் நல்ல மதுக்கூடம் ஒன்றில் அமர்ந்து எல்லாவற்றிலும் ஒவ்வொன்றாகக் குடித்துப் பார்ப்பது நான்காவது. முதன்முறையாகப் போகிறவருக்கு என் பரிந்துரை கான்டியோன்தான். ஆனால் அது எல்லாருக்கும் பொருந்தும் பரிந்துரை ஆகாது என்பதால், காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. பெல்ஜியத்தில் புளிப்பு பீர் என்ற பெயருக்குள் இரண்டு தனித்தனி மரபுகள் அடங்கியுள்ளன. ஒன்று, பிரஸ்ஸல்ஸ் நகரிலும் அதன் மேற்கே சென் ஆற்றை ஒட்டிய பயோட்டன்லாந்துப் பகுதியிலும் செய்யப்படும் லாம்பிக். மற்றொன்று, மேற்கு ஃபிளாண்டர்ஸில் ஓக் மரத் தொட்டிகளில் முதிரவைக்கப்படும் செம்பழுப்பு பீர். இரண்டும் புளிக்கும், இரண்டும் மரத்தில் கிடந்து பழுக்கும், ஆனால் புளிப்பு வந்து சேரும் வழி வேறு, நாவில் விழும் விதமும் வேறு.

லாம்பிக் செய்பவர் ஈஸ்ட் எதையும் சேர்ப்பதில்லை. முளைகட்டி உலர்த்திய பார்லியையும் (மால்ட்) முளைகட்டாத கோதுமையையும் வெந்நீரில் ஊறவைத்து எடுத்த சாற்றை ஹாப்ஸ் எனப்படும் கசப்புப் பூக்களுடன் பல மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆழம் குறைந்த அகன்ற தொட்டியில் ஊற்றி, இரவு முழுவதும் திறந்தபடியே ஆறவிடுகிறார். கான்டியோனில் பார்லி 65 சதவீதமும் கோதுமை 35 சதவீதமும் சேர்க்கிறார்கள். ஹாப்ஸ் புதியதாக இருப்பதில்லை. சில ஆண்டுகள் கிடந்து கசப்பும் மணமும் வடிந்துபோனதாகத் தேடி எடுக்கிறார்கள், ஏனென்றால் அவர்களுக்கு வேண்டியது கெட்டுப்போகாமல் காக்கும் அதன் குணம் மட்டுமே. அந்த ஒரே இரவில் காற்றிலும் கட்டடத்திலும் இருக்கும் நுண்ணுயிர்கள் சாற்றில் குடியேறுகின்றன. பனையிலிருந்து இறக்கிய கள் யாரும் எதையும் சேர்க்காமலேயே நுரைத்துப் புளிப்பதை அறிந்தவர்களுக்கு இதன் அடிப்படை எளிதில் விளங்கும். ஆனால் கள்ளுக்குச் சில மணி நேரத்தில் நடப்பது லாம்பிக்குக்கு மூன்று ஆண்டுகள் வரை பீப்பாய்க்குள் நடக்கிறது. முதலில் குடல்வகைப் பாக்டீரியாக்கள் வேலை செய்து ஓய்கின்றன. பின்னர் வழக்கமான ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்குகிறது. அடுத்து லாக்டிக் அமிலம் தரும் பாக்டீரியாக்கள் புளிப்பை ஏற்றுகின்றன. கடைசியாக பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட் மெல்ல மெல்ல மீதியையும் தின்று, தோலும் வைக்கோலும் கலந்தாற்போன்ற அந்தத் தனி மணத்தைத் தருகிறது. அந்த ஈஸ்டின் ஓர் இனத்துக்கு பிரஸ்ஸல்ஸ் நகரின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.

மேற்கு ஃபிளாண்டர்ஸில் இப்படி இல்லை. அங்கே சாற்றைக் குளிரவைத்து, ஆலையே பேணிவரும் ஈஸ்டும் பாக்டீரியாக்களும் கலந்த கலவையைச் சேர்த்து நொதிக்கவிட்டு, அதன் ஒரு பகுதியை ஃபூடர் எனப்படும் நெட்டையான ஓக் தொட்டிகளில் நீண்ட காலம் வைத்திருந்து, பின்னர் இளம் பீருடன் கலக்கிறார்கள். செம்மை நிறம் மால்ட்டிலிருந்து வருகிறது. சுவை இனிப்பில் தொடங்கிப் புளிப்புக்குப் போகும். சிலவற்றில் வினிகரின் சாயல் தெளிவாகத் தெரியும். ரூசெலாரெ நகரில் உள்ள ரோடன்பாக் 1821 முதல் அறியப்படும் ஆலை. ஏறத்தாழ 300 ஃபூடர்கள் வரிசையாக நிற்கும் அதன் கிடங்குகள் பார்க்கத் தகுந்தவை என்பதில் ஐயமில்லை. அதன் அடிப்படை பீரில் இளம் பீர் முக்கால் பங்கும் முதிர்ந்தது கால் பங்கும் இருக்கும். கிராண்ட் க்ரூ என்ற வகையில் முதிர்ந்தது மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் அந்த ஆலை 1998-லேயே ரோடன்பாக் குடும்பத்தின் கையைவிட்டுப் போய்விட்டது. குடும்பத்தவரே நடத்தும் பழைய ஆலை என்பதுதான் உங்கள் அளவுகோல் என்றால், அதே மாநிலத்தில் விக்டெ என்ற ஊரில் 1885 முதல் இயங்கும் வெர்ஹாகெ குடும்ப ஆலைதான் பொருத்தமானது. பர்கண்டியின் மேரியை நினைவூட்டும் டசெஸ் டி பர்கோன் அவர்களுடைய புகழ்பெற்ற பீர். சாராய அளவு 6.2 சதவீதம். புளிப்பு பீரே குடித்திராத ஒருவருக்கு முதல் குவளையாக எதைத் தருவது என்று கேட்டால், தயங்காமல் இதைத்தான் சொல்வேன். அதன் இனிப்பு, புளிப்பின் கூர்மையைத் தணித்துவிடுகிறது.

அப்படியிருந்தும் ஒரே நாளை மேற்கு ஃபிளாண்டர்ஸுக்குக் கொடுக்க நான் சொல்ல மாட்டேன். பிரஸ்ஸல்ஸிலிருந்து ரூசெலாரெவுக்கு ரயிலில் போகவே ஒன்றரை மணி நேரம் அளவில் ஆகும். முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளாமல் போய் உள்ளே நுழைய முடியும் என்று எண்ணக் கூடாது. அதைவிட முக்கியமான காரணம், ரோடன்பாக்கும் டசெஸும் உலகின் பல நகரங்களில் கிடைக்கின்றன. அவற்றின் சுவை புட்டியில் பயணம் செய்தாலும் பெரிதும் மாறுவதில்லை. நேரில் போனால் மட்டுமே கிடைக்கும் ஒன்று அங்கே இருக்கிறதென்றால் அது மரத்தொட்டிகளின் காட்சி. குடிக்கக் கிடைப்பது பெரும்பாலும் வேறிடத்திலும் கிடைப்பதுதான்.

கான்டியோனில் நிலைமை நேர்மாறானது. பிரஸ்ஸல்ஸின் மிடி ரயில் நிலையத்திலிருந்து கால்மணி நேரம் நடந்தால் போய்விடக்கூடிய தூரத்தில், வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணப் பட்டறை போலத் தெரியும் கட்டடத்தில் அது இருக்கிறது. 1900-இல் பால் கான்டியோன் தொடங்கியபோது அது பீர் காய்ச்சும் ஆலையாக இருக்கவில்லை. மற்றவர்கள் காய்ச்சிய லாம்பிக்கை வாங்கி, முதிரவைத்து, கலந்து விற்கும் தொழிலாக இருந்தது. அவருடைய மகன்கள் காலத்தில், 1930-களின் பிற்பகுதியில்தான் அங்கே காய்ச்சத் தொடங்கினார்கள். பின்னர் அந்த மகன்களில் ஒருவரான மார்செலின் மருமகன் ஜான்-பியேர் வான் ராய் பொறுப்பேற்றார். இன்று அவருடைய மகன் ஜான் வான் ராய் நடத்துகிறார். ஜான்-பியேர் வந்த காலம் மரபு லாம்பிக்குக்கு மிக மோசமான காலம். மக்களின் நாக்கு இனிப்புப் பானங்களின் பக்கம் சாய்ந்துவிட்டிருந்தது. ஒரு காலத்தில் நகரத்தில் நிறைந்திருந்த லாம்பிக் தொழிலகங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1978-இல் அவர் ஆலையையே அருங்காட்சியகமாக அறிவித்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். ஆலையின் இயக்கம் நிற்கவில்லை. பார்க்க வருபவர்கள் அங்கேயே குடித்து, அங்கேயே வாங்கிச் சென்று, அந்தத் தொழிலைத் தாங்கிப் பிடித்தார்கள். இன்றும் அங்கே போகிறவர் பார்ப்பது காட்சிக்கு வைத்த பழம்பொருள்களை அல்ல, நாள்தோறும் பயன்படும் கருவிகளை.

அந்தக் கட்டடத்தில் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் மேல்மாடிக் கூரையறை. அறையின் பெரும் பகுதியை அடைத்துக்கொண்டு செம்புத் தகட்டாலான அகன்ற தொட்டி கிடக்கிறது. சுமார் 7,500 லிட்டர் பிடிக்கும் அதன் ஆழமோ மிகக் குறைவு. வெப்பம் விரைவில் வெளியேற வேண்டும் என்பதற்காகவும் காற்று படும் பரப்பு அதிகமாக இருக்க வேண்டும் என்பதற்காகவும் அந்த வடிவம். கூரையை ஒட்டிய திறப்புகள் வழியாக இரவுக் காற்று உள்ளே வருகிறது. கீழே பீப்பாய்க் கூடத்தில் ஒயினோ கோன்யாக்கோ முன்பு வைக்கப்பட்டிருந்த பழைய பீப்பாய்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. புதிதாக நிரப்பியவற்றின் மேல்துளையிலிருந்து முதல் நாள்களில் பழுப்பு நுரை பொங்கி வழிந்து மரத்தில் காய்ந்து கிடக்கும். மூலைகளில் சிலந்தி வலைகளை யாரும் துடைப்பதில்லை. பழமும் சர்க்கரையும் இருக்கும் இடத்துக்குப் பூச்சிகள் வரும், அவற்றைச் சிலந்திகள் பார்த்துக்கொள்ளும், பூச்சிக்கொல்லி அடித்தால் நுண்ணுயிர்களின் சமநிலை குலையும் என்பது அவர்களின் கணக்கு. தூய்மையைப் பற்றிய நம் வழக்கமான எண்ணத்துக்கு இது முரணாகத் தோன்றலாம். அந்த அறையின் ஈரமும் மரமும் புளிப்பும் கலந்த மணத்தை ஒருமுறை உள்வாங்கிய பிறகு, கையில் வரும் குவளையில் அதே மணம் இருப்பதை எவரும் கண்டுகொள்வார்கள்.

லெம்பேக்கில் உள்ள போன் ஆலையைக் கான்டியோனுக்குக் கீழே வைப்பதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. ஃபிராங்க் போன் 1970-களின் நடுவில், லாம்பிக் தொழிலை எல்லாரும் கைவிட்டுக்கொண்டிருந்தபோது, அவ்வூரில் இருந்த பழைய கலவைக்கூடம் ஒன்றை எடுத்து நடத்தத் துணிந்தவர்; இப்போது அவருடைய பிள்ளைகளும் தொழிலில் இருக்கிறார்கள். பெரிய ஃபூடர்களில் முதிரவைப்பதாலும் மென்மையான லாம்பிக்கையே பெருமளவில் சேர்ப்பதாலும் போனின் கூஸ், அதாவது வெவ்வேறு வயது லாம்பிக்குகளைக் கலந்து செய்யும் பீர், உருண்டு திரண்ட சுவை உடையது. சாராய அளவு 7 சதவீதம், மரியாஜ் பார்ஃபே என்ற உயர்வகையில் 8. கான்டியோனின் கூஸ் 5.5 சதவீதத்தில், எலுமிச்சைத் தோலைக் கடித்தாற்போல் நாவின் இரு ஓரங்களையும் பிடித்து இழுக்கும். வயிறு எளிதில் எரிகிறவர்களும், புளிப்பு ஓரளவோடு நிற்க வேண்டும் என்று விரும்புகிறவர்களும் போனைத் தேர்ந்தெடுப்பதே சரி. விலையும் நியாயமானது; பெல்ஜியத்தின் கடைகளில் தேடி அலையாமலே கிடைக்கும். இப்படி எளிதாகக் கிடைப்பதால்தான், ஒரே நாளை லெம்பேக்குக்குச் செலவிடாமல் போனின் புட்டியை மாலையில் விடுதி அறையிலேயே திறந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்கிறேன்.

கடையில் வாங்கும்போது கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கூஸ் என்றோ, செர்ரி சேர்த்த லாம்பிக்கான க்ரீக் என்றோ எழுதியிருந்தால் மட்டும் அது மரபு முறையில் செய்தது என்று பொருளாகாது. இனிப்பூட்டப்பட்ட வகைகளும் அதே பெயரில் விற்கப்படுகின்றன. பழைய முறையைக் குறிக்கும் 'அவுடெ' என்ற அடைமொழி பெயருக்கு முன்னால் இருந்தால், முழுக்க லாம்பிக்கால் ஆனது, புட்டிக்குள் மறுபடி நொதித்தது என்று நம்பலாம். 1997 முதல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பெயரைப் பாதுகாத்துவருகிறது. விளேசன்பேக்கில் உள்ள லிண்டமன்ஸ் குடும்ப ஆலை 1822 முதல் இருந்துவருகிறது. அவர்களின் சாதாரண க்ரீக் 3.5 சதவீதச் சாராயத்துடன் செர்ரிப் பழரசம் போலவே இனிக்கும், ஆனால் அதே ஆலையின் க்யூவே ரெனே கூஸ் மரபு வழியில் செய்த உலர்ந்த, நேர்மையான பீர். ஆலையின் பெயரைவிட அடைமொழியைப் பார்த்து வாங்குவது பாதுகாப்பானது. கான்டியோன் மட்டும் இதற்கு விலக்கு. அடைமொழியை நம்பியிராமல் முழுவதும் லாம்பிக் என்று அட்டையிலேயே எழுதிவிடுகிறார்கள்.

மதுக்கூடத்தில் அமர்ந்து குடிப்பது என்ற நான்காவது வழிக்கு ஒரு பெரும் நன்மை இருக்கிறது: ஒரே மேசையில் பல ஆலைகளை ஒப்பிடலாம். பிரஸ்ஸல்ஸின் மோடர் லாம்பிக் போன்ற இடங்களில் அது கைகூடும். நகரத்துக்கு வெளியே ஐசெரிங்கன் என்ற சிற்றூரில், முக்கியமாக ஞாயிற்றுக்கிழமைகளில் திறக்கும் பழைய மதுக்கூடம் ஒன்று லாம்பிக் விரும்பிகளிடையே பெயர்பெற்றது. உங்கள் ஒரே நாள் ஞாயிறாக அமைந்து, ஆலைகள் மூடியிருந்தால், அங்கே போவதே மேல். ஆனால் செய்முறையைக் கண்ணால் பார்க்காமல் நான்கைந்து ஆலைகளின் கூஸை அடுத்தடுத்துக் குடிப்பவருக்கு எல்லாமே புளிப்பு என்ற ஒரே எண்ணத்தில் கலங்கிப்போகும் வாய்ப்பு அதிகம். முதல் நாளில் ஓர் ஆலையின் பல நிலைகளைக் குடித்துப் பார்ப்பது, பல ஆலைகளின் ஒரே நிலையைக் குடிப்பதைவிடப் பயன் தரும். என் பரிந்துரையின் உயிர்நாடி இதுதான்.

கான்டியோனில் என்ன குடிப்பது என்பதிலும் தேர்வு செய்ய வேண்டியிருக்கிறது. அந்த ஆலையின் பழ பீர்களுக்கு உலகெங்கும் தேவை மிகுதி. சர்க்கரைப் பாதாமி சேர்த்த ஃபூ ஃபூன், சிவப்புத் திராட்சை சேர்த்த சென் லாம்வினஸ், வெள்ளைத் திராட்சை சேர்த்த வின்யரோன் ஆகியவற்றின் புட்டிகளைத் தேடி வெகு தொலைவிலிருந்து வருகிறார்கள். அவை அருமையானவை, மறுக்கவில்லை. ஆனால் முதல் குவளையை அவற்றுக்குக் கொடுத்துவிட்டால், பழத்தின் சுவை எது, லாம்பிக்கின் சுவை எது என்று பிரித்தறிய வழியில்லாமல் போய்விடும். எனவே கலக்காத தனி லாம்பிக்கிலிருந்து தொடங்குவதே முறை. அது ஜாடியிலிருந்து ஊற்றப்படும். நுரை இருக்காது, குமிழி இருக்காது, பழைய தங்க நிறத்தில் அசையாமல் நிற்கும். பீப்பாயின் மரம் வாயுவை வெளியேற்றிவிடுவதால் அப்படி. பீர் என்று நினைத்துக் குடிப்பவருக்கு முதல் வாய் ஏமாற்றமாக இருக்கும். ஷெரி வகை ஒயினை நினைத்துக்கொண்டு குடித்தால் அது பிடிபடும். புட்டியில் வேண்டும் என்பவருக்கு மூன்று ஆண்டு முதிர்ந்த லாம்பிக்கை அப்படியே அடைத்த ப்ரூக்செல்லா இருக்கிறது.

அடுத்தது கூஸ். ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு லாம்பிக்குகளைச் சுவைத்துச் சுவைத்துக் கலந்து புட்டியில் அடைக்கிறார்கள். இளம் லாம்பிக்கில் மிச்சமிருக்கும் சர்க்கரையை முதிர்ந்ததில் இருக்கும் ஈஸ்ட் நொதிக்கச் செய்வதால் புட்டிக்குள் வாயு உருவாகிறது. பிரம்புக் கூடையில் சாய்த்துப் படுக்கவைத்த நிலையிலேயே புட்டியைக் கொண்டுவந்து, அடியில் தங்கிய வண்டல் கலங்காமல் மெதுவாக ஊற்றுவார்கள். சற்று முன் குடித்த தனி லாம்பிக் நாவில் இருக்கும்போதே இதைக் குடிக்க வேண்டும். கலப்பவரின் திறமை என்ன செய்கிறது என்பது அப்போது தெரியும்: தனித்தனியே முரடாக இருந்தவை குமிழிகளோடு சேர்ந்து உயிர்பெற்று, புளிப்புக்குப் பின்னால் தேனும் பச்சைப் புல்லும் எட்டிப் பார்க்கும். அதன் பிறகு க்ரீக். லிட்டருக்கு ஏறத்தாழ 200 கிராம் புளிப்புச் செர்ரிகளைக் கொட்டையோடு லாம்பிக்கில் ஊறவைப்பதால், பழத்துக்கு அடியில் பாதாம் பருப்பின் மெல்லிய மணமும் வரும். ராஸ்பெர்ரி சேர்த்த ரோசே டி காம்ப்ரினஸ் நிறத்தாலும் மணத்தாலும் முதலில் மயக்கும், குடித்தால் நான்கிலும் கடுமையான புளிப்பு அதுவாகத்தான் தோன்றும். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். இவை எவற்றிலும் சர்க்கரை சேர்ப்பதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், சிவப்பு நிறத்தைப் பார்த்து இனிப்பை எதிர்பார்க்கும் ஏமாற்றம் நேராது.

எந்தப் பருவத்தில் போவது என்பதும் கேட்கப்படுகிறது. தொட்டியில் சாறு சரியாக ஆற இரவு வெப்பநிலை உறைநிலையை ஒட்டியோ அதற்குச் சற்று மேலாகவோ இருக்க வேண்டும்; 8 பாகைக்கு மேல் போனால் வேண்டாத பாக்டீரியாக்கள் பெருகிவிடும். ஆகவே இலையுதிர்காலத்தின் முடிவு முதல் வசந்தத்தின் தொடக்கம் வரைதான் காய்ச்சுகிறார்கள். 2015 நவம்பரில் இரவுகள் வழக்கத்துக்கு மாறாக வெதுவெதுப்பாக இருந்ததால் காய்ச்சுவதை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. குளிர்சாதனத்தை வைத்து இதைச் சரிசெய்ய முடியாது என்பதால், குளிர்காலம் சுருங்குவது இந்த மரபின் அடித்தளத்தையே அரிக்கிறது என்ற கவலை எனக்கு உண்மையாகவே உண்டு. ஆவி பறக்கும் கொப்பரைகளைப் பார்க்க ஆசைப்படுகிறவர் குளிர்காலத்தில் போகட்டும். சுவைப்பது மட்டுமே நோக்கமென்றால் எந்த மாதமும் பரவாயில்லை, பீப்பாய்கள் எங்கும் போய்விடுவதில்லை. திறந்திருக்கும் நாள்களும் நேரமும் மாறக்கூடும் என்பதால் ஆலையின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் புறப்படுவது நல்லது.

இறுதியாக, கையோடு எடுத்துவரும் புட்டிகள். இந்தியாவுக்குத் திரும்புகிறவர் சுங்கவரி இல்லாமல் 2 லிட்டர் மதுவரை கொண்டுவரலாம்; 750 மில்லிலிட்டர் புட்டிகள் என்றால் இரண்டு. அந்த இரண்டு புட்டிகளையும் அபூர்வமான பழ பீர்களாகவே வாங்கிவிடத் தோன்றும். ஆனால் பழத்தின் மணம் ஆண்டுகள் செல்லச் செல்ல மங்கிப்போகும், அதை இளமையிலேயே குடிக்க வேண்டும். கூஸ் அப்படியல்ல, குளிர்ந்த இருட்டான இடத்தில் கிடைமட்டமாகப் படுக்கவைத்தால் 20 ஆண்டுகள்கூடத் தாங்கும் என்று ஆலையே சொல்கிறது. நம் ஊர் வெப்பத்தில் அத்தகைய இடம் வீட்டில் அமைவது கடினம் என்பதால் அந்தக் கணக்கை அப்படியே நம்பி வைத்திருக்க வேண்டாம். கூஸ் ஒன்று, க்ரீக் ஒன்று என வாங்குவதே சரியான பங்கீடு. தக்கைக்கு மேல் உலோக மூடியும் போட்டிருப்பதால் ஒழுகும் அச்சம் குறைவு. ஆயினும் துணியில் நன்றாகச் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் வைத்து அனுப்ப வேண்டும். வீட்டுக்கு வந்ததும் சில நாள்கள் அசைக்காமல் வைத்திருந்து வண்டல் படிந்த பிறகு க்ரீக்கை முதலில் திறந்துவிடலாம். கூஸை குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் படுக்கவைத்துச் சில மாதங்கள் பொறுத்திருக்கலாம்.